அயலூருக்குப் போகும் பாதை: பொறியியலாளர் முஹம்மத் மீலியின் பணி

1990ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. கிழக்கில் எங்கட ஊருக்கும் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கும் இடையில் ஒரு வயல்வெளியும் ஒரு வாய்க்காலும் மட்டுமே இருந்தன. பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்று சொல்வார்களே, அப்படி இருந்த இரண்டு ஊர்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்துக்குப் பிறகு பாதை மூடிப் போயிற்று. வெடிச்சத்தம் கேட்கும், புகை எழும்புவதும் தெரியும். ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதை இரவில் வாப்பாவின் ரேடியோவில் லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் மூத்தும்மா சலித்துக்கொண்டு, "கூப்பிட்டாக் கேக்கிற தூரம். செய்தி மட்டும் சீமைக்குப் போயிட்டு வருது" என்றா.

மூத்தும்மாவின் இந்தச் சொல்லை நான் மறந்தே விட்டிருந்தேன். ஆபிரிக்காவின் தொலைபேசி வரலாற்றை வாசித்தபோதுதான் அது திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு கண்டம் முழுவதும் அயலூரோடு பேசுவதற்குச் சீமைக்குப் போய் வந்த கதை அது. அந்தக் கதையை மாற்ற முயன்றவர்களில் முன்னணியில் நின்றவர் தூனிசியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பொறியியலாளர். எங்கள் சமூகத்தில் அவருடைய பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பெயர் கிடைத்த விதம்

மே 17 உலகத் தொலைத்தொடர்பு தினம். பாடசாலைக் காலைக்கூட்டத்தில் பேசுவதற்காக ஒரு மாணவியைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். 1865 மே 17ஆம் திகதி பாரிஸில் 20 நாடுகள் கூடிச் சர்வதேசத் தந்தி ஒன்றியத்தை உருவாக்கின, உஸ்மானிய சாம்ராச்சியமும் அதில் கையொப்பமிட்டது, அந்த ஒன்றியமே பின்னர் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமாகி ஐக்கிய நாடுகள் சபையின் விசேட நிறுவனமாயிற்று என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "சேர், இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கின நேரம் அதுக்குத் தலைவரா இருந்தது யாரு?" என்று கேட்டாள்.

இந்தத் தினம் 1969ஆம் ஆண்டிலிருந்து கொண்டாடப்படுகிறது. தலைவர்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். தொடக்க காலம் முழுவதும் சுவிற்சர்லாந்துக்காரர்கள். அதன் பிறகு பிரான்ஸ், ஆர்ஜென்டீனா, ஐக்கிய அமெரிக்கா. 1965இல் இந்தியாவின் எம்.பி. சர்வட்டே. அவருக்கு அடுத்த வரியில் முஹம்மத் இஸ்ஸத்தீன் மீலி, தூனிசியா, 1967 முதல் 1982 வரை என்றிருந்தது. ஏறத்தாழ 16 வருடங்கள். அந்தப் பதவிக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த முதலாமவர் அவர். அரபுலகிலிருந்து வந்த முதலாமவரும் அவரே.

தூனிசியா என்றால் எங்களுக்கு ஸைத்தூனா பள்ளிவாசல் தெரியும், கைருவான் தெரியும், 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூனைத் தெரியும். மீலியைத் தெரியாது. எங்கள் சஞ்சிகைகளில் ஆலிம்கள் வருவார்கள், புலவர்கள் வருவார்கள், அரசியல் தலைவர்கள் வருவார்கள். பொறியியலாளர்கள் வருவதில்லை. நானும் தமிழ் படித்தவன்தான். இந்தக் குறை எனக்கும் உரியது.

ஜெம்மாலிலிருந்து பாரிஸுக்கு

மீலி 1917 டிசம்பர் 4ஆம் திகதி ஜெம்மால் என்ற ஊரில் பிறந்தார். தூனிசியாவின் கிழக்குக் கரையோரத்தில், ஒலிவ் தோட்டங்கள் நிறைந்த ஸாஹில் பிரதேசத்தில், மொனஸ்தீருக்கு அண்மையில் இருக்கும் ஊர் அது. நாடு 1881ஆம் ஆண்டிலிருந்து பிரான்ஸின் 'பாதுகாப்பில்' இருந்தது. கெட்டிக்கார முஸ்லிம் பிள்ளை ஒருவனுக்கு உயர்கல்வி வேண்டுமென்றால் பாதை பாரிஸுக்குத்தான் போகும். மீலியும் அப்படியே போனார். செயின்ட் குளூ உயர் ஆசிரியர் கல்லூரியில் படித்த பின் பாரிஸின் தேசியத் தொலைத்தொடர்பு உயர்கல்லூரியில் பயின்று பொறியியலாளரானார். அதாவது, முதலில் அவர் நுழைந்தது ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில். இதை வாசித்தபோது ஓர் ஆசிரியனாக எனக்குள் சின்னதொரு சந்தோஷம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை.

1948இல் தூனிசியத் தபால் தந்தித் திணைக்களத்தில் சேர்ந்தார். 1956 மார்ச் 20ஆம் திகதி நாடு விடுதலை பெற்றது. அடுத்த வருடம் அவர் பிரதம பொறியியலாளரானார். பின்னர் தொலைத்தொடர்புத் துறைக்கே பணிப்பாளர் நாயகமானார்.

விடுதலையான நாட்டில் கொடியை ஒரே இரவில் மாற்றிவிடலாம். தேசிய கீதத்தையும் மாற்றலாம். நிலத்தில் புதைந்த வடத்தை அப்படி மாற்ற முடியாது. அது எஜமான் எங்கே இருந்தானோ அந்தத் திசையைப் பார்த்துத்தான் கிடக்கும். மீலி தலைமுறைப் பொறியியலாளர்களுக்கு வாய்த்த வேலை இந்த வடத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

வடத்தில் கிடந்த வரைபடம்

1960இல் மட்டும் ஆபிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அந்நாட்களின் தொலைபேசிப் பாதைகளைப் பார்த்தால் விடுதலை கிடைத்த அடையாளமே தெரியாது. பிரித்தானியரின் கீழிருந்த நாடுகளின் வடங்களும் சிற்றலை வானொலி இணைப்புகளும் லண்டனுக்குப் போயின. பிரெஞ்சுக்காரரின் கீழிருந்த நாடுகளின் இணைப்புகள் பாரிஸுக்குப் போயின. கானாவும் ஐவரி கோஸ்ட்டும் எல்லையைப் பகிரும் நாடுகள். அக்ராவிலிருந்து அபிஜானுக்குப் பேச வேண்டுமென்றால் குரல் முதலில் லண்டனுக்குப் போகும், அங்கிருந்து பாரிஸுக்குப் போகும், பிறகுதான் அபிஜானுக்குத் திரும்பி வரும். ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு சனங்களின் பேச்சு இரண்டு முறை கடல் கடக்க வேண்டியிருந்தது.

இதில் காசும் சம்பந்தப்பட்டிருந்தது. சர்வதேச அழைப்பொன்றின் கட்டணத்தை, அழைப்புப் புறப்பட்ட நாடும் போய்ச் சேர்ந்த நாடும் பங்கிட்டுக்கொள்ளும். நடுவில் கடத்திக் கொடுக்கும் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே அயலவர் இருவர் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் லண்டனிலும் பாரிஸிலும் ஒரு கூலி விழுந்தது. அடிமைத்தனம் முடிந்த பிறகும் அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருந்த மாதிரி.

சர்வதேச ஒன்றியத்தின் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழு 1960 டிசம்பரில் புதுடில்லியில் கூடியது. அதுவரை ஐரோப்பிய நிபுணர்களின் மன்றம் போல் இருந்த குழு, ஆசியாவில் கூடியபோது புதிய நாடுகளின் தேவை என்ன என்று கேட்கத் தொடங்கியது. கண்டங்களுக்கெனத் திட்டக் குழுக்கள் முக்கியம் பெற்றன. ஆபிரிக்காவுக்கான திட்டக் குழுவின் தலைமை 1960களின் தொடக்கத்தில் மீலியிடம் வந்தது.

அந்தக் குழு தன்முன் வைத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. அயல்நாடுகள் இரண்டும் நேரே பேசுவதற்கு எங்கே, எத்தனை இணைப்பு வேண்டும்? ஆனால் பதில் எளிதாகக் கிடைக்கவில்லை. எத்தனை பேர் பேசுவார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். இணைப்பே இல்லாத இடத்தில் பேச்சின் அளவை எப்படி அளப்பது? இரண்டு ஊருக்கு நடுவில் பாலம் இல்லாதபோது அதைக் கடக்கப்போகும் சனத்தை எண்ணச் சொன்ன மாதிரிதான் அது. ஆங்கிலேய முறையில் அமைந்த பரிவர்த்தனை நிலையமும் பிரெஞ்சு முறையில் அமைந்ததும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளச் சமிக்ஞை முறைகளைப் பொருத்த வேண்டும். இலக்கத் திட்டம் வேண்டும். கட்டண ஒப்பந்தம் வேண்டும்.

இந்த முயற்சியிலிருந்து எழுந்ததுதான் பானாஃப்டெல் எனப்படும் அகில ஆபிரிக்கத் தொலைத்தொடர்பு வலையமைப்பு. அதன் முதுகெலும்பு நுண்ணலைக் கோபுரங்கள். நுண்ணலை நேர்கோட்டில் போவது. பூமி வளைந்திருப்பதால் ஏறத்தாழ 40, 50 கிலோமீற்றருக்கு ஒரு கோபுரம் நின்று குரலை வாங்கி அடுத்த கோபுரத்துக்குக் கொடுக்க வேண்டும். பாலைவனத்திலும் காட்டிலும் மலையிலும் கோபுரம் எழுப்ப வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் மின்பிறப்பாக்கி வைக்க வேண்டும், அதற்கு எண்ணெய் ஏற்ற வேண்டும், காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டும். 1960களின் இறுதியிலிருந்து ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் நிதியோடு ஒன்றியத்தின் நிபுணர்கள் நாடு நாடாகப் போய்ப் பாதைகளை அளந்தார்கள். அப்போது மீலி ஜெனீவாவில் இருந்தார்.

ஜெனீவாவில் பதினாறு வருடங்கள்

1965இல் மொன்ட்ரோவில் கூடிய ஒன்றியத்தின் பேராளர் மாநாடு சர்வட்டேயைச் செயலாளர் நாயகமாகவும் மீலியைப் பிரதிச் செயலாளர் நாயகமாகவும் தெரிந்தெடுத்தது. 1967 பெப்ரவரியில் சர்வட்டே பதவியில் இருக்கும்போதே காலமானார். பொறுப்பு மீலியிடம் வந்தது. 1973இல் ஸ்பெயினின் தொர்ரெமொலினோஸ் மாநாடு அவரையே செயலாளர் நாயகமாகத் தெரிந்தெடுத்தது.

அந்த 1973 மாநாட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதுவரை ஏகாதிபத்திய நாடுகள் தங்கள் குடியேற்ற ஆட்புலங்களின் பெயரில் ஒன்றியத்தில் தனி அங்கத்துவம் வைத்திருந்தன. ஆட்புலத்தின் பெயரில் ஒரு வாக்கு, அதைப் போடும் கை எஜமானுடையது. தொர்ரெமொலினோஸ் மாநாடு இந்த ஏற்பாட்டை ஒழித்தது. நிறவெறித் தென்னாபிரிக்காவும், அப்போது ஆபிரிக்காவில் குடியேற்றங்களை விடாமல் பிடித்திருந்த போர்த்துக்கலும் ஒன்றியத்தின் மாநாடுகளிலிருந்து விலக்கப்பட்டன. இவை அங்கத்துவ நாடுகள் வாக்களித்து எடுத்த முடிவுகள், மீலி தனியாகச் செய்தவை அல்ல. ஆனால் பாரிஸுக்கு வடம் போன காலத்தில் வேலை தொடங்கிய ஒரு தூனிசியர் அந்தச் சபையின் செயலகத்துக்குப் பொறுப்பாக இருக்கும்போது இது நடந்தது என்பதைச் சும்மா கடந்து போக முடியாது.

அவருடைய காலத்தில் நடந்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971இல் ஜெனீவாவில் முதலாவது உலகத் தொலைத்தொடர்புக் கண்காட்சி நடந்தது. பானாஃப்டெல் மாதிரியில் மத்திய கிழக்கையும் மத்தியதரைக் கடல் அரபு நாடுகளையும் இணைக்கும் மெதரப்டெல் திட்டத்தில் ஒன்றியம் இறங்கியது. 1981இல் டக்காரில் பல நாடுகளுக்கும் பொதுவான தொலைத்தொடர்பு உயர்கல்லூரி திறக்கப்பட்டது. அதன்பின் ஆபிரிக்கப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு ஐரோப்பாவுக்குத்தான் போயாக வேண்டும் என்ற நிலை இருக்கவில்லை. பதவிக்காலத்தின் கடைசியில், 1982இல், நைரோபியில் பேராளர் மாநாடு கூடியது. அங்கே அரபு ஒன்றியத்தின் உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்றாயிற்று. வளர்முக நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வதும் ஒன்றியத்தின் நோக்கங்களில் ஒன்றென யாப்பில் எழுதப்பட்டது.

கொழும்பில் ஒரு பேச்சு

இதே காலத்தில் எங்கள் நாட்டையும் தொட்ட ஒரு விவாதம் நடந்தது. 1976 ஓகஸ்டில் கொழும்பு பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கூடியது. புதிய பொருளாதார ஒழுங்கு வேண்டும் என்பதோடு செய்தித் துறையிலும் புதிய ஒழுங்கு வேண்டும் என்று அங்கே பிரகடனம் செய்தார்கள். எங்கள் செய்தியை எங்களுக்கே மேற்கத்தைய நிறுவனங்கள் சொல்வதா என்பதுதான் கேள்வி. இந்த வாதத்தை உலக அரங்கில் உரத்து முன்வைத்தவர்களில் ஒருவரும் தூனிசியரே. அவர் பெயர் முஸ்தபா மஸ்மூதி. யுனெஸ்கோ அமைத்த மக்பிரைட் ஆணைக்குழுவிலும் அவர் அங்கத்தவர்.

மஸ்மூதியையும் மீலியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் பேச்சின் உள்ளடக்கத்துக்காக வாதாடினார். மற்றவர் பேச்சு போகும் கம்பிக்காக உழைத்தார். வாதம் புத்தகங்களில் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் இன்றும் படிக்கிறார்கள். கம்பிக்காரரைப் பற்றிப் பேச ஆளில்லை. மூத்தும்மாவின் கவலையோ இரண்டாவது வகை. லண்டன் சொன்ன செய்தி பொய் என்று அவ முறையிடவில்லை. நேர்ப்பாதை இல்லையே என்றுதான் முறையிட்டா.

கணக்குப் பார்த்தால்

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மையான கணக்கையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது வரலாறாகாது, பாராட்டு மடலாகிப் போகும்.

நைரோபி மாநாட்டின் முடிவுப்படி, பிரித்தானியரான சேர் டொனால்ட் மெய்ட்லண்ட் தலைமையில் ஒரு சுயாதீன ஆணைக்குழு அமைந்தது. 'காணாமற்போன கண்ணி' என்ற பொருள்படும் தலைப்போடு அதன் அறிக்கை வந்தபோது மீலி பதவியை விட்டு இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. உலகில் அப்போது 60 கோடித் தொலைபேசிகள். அவற்றில் முக்கால் பங்கு ஒன்பது செல்வந்த நாடுகளில். டோக்கியோ நகரில் மட்டும் இருந்த தொலைபேசிகள் முழு ஆபிரிக்காவிலும் இருந்ததை விட அதிகம். பதினாறு வருட உழைப்புக்குப் பிறகு கண்ட நிலைமை இது.

பானாஃப்டெல் கோபுரங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு எழுந்து நின்றன. ஆனால் பல இடங்களில் பராமரிப்பு இல்லை, உதிரிப்பாகம் இல்லை. இணைப்பு நல்ல நிலையில் இருந்த இடங்களிலும் அயல்நாடுகள் இரண்டும் கட்டண ஒப்பந்தத்துக்கு வராததால் அழைப்புகள் பழையபடி ஐரோப்பா வழியாகவே போயின. செய்மதியும் ஒரு வகையில் பழைய பாதைக்கே உதவியது. 30 மீற்றர் அளவு விட்டமுள்ள தட்டோடு ஒரு பூமி நிலையம் கட்டினால் ஐரோப்பாவோடு தெளிவாகப் பேசலாம். ஓர் அரசாங்கத்துக்கு அது இலகு, தலைநகரில் திறப்புவிழாவும் வைக்கலாம். காட்டுக்குள் நிற்கும் கோபுரத்துக்கு எண்ணெய் ஏற்றும் வேலைக்குத் திறப்புவிழா இல்லை.

பணக்கார நாடுகளின் பங்கும் இதில் உண்டு. தொழில்நுட்ப உதவிக்கு ஒன்றியத்தின் வழமையான வரவு செலவில் பணம் ஒதுக்க அவை நீண்டகாலம் விரும்பவில்லை. 1973இல் அதற்கென ஒரு விசேட நிதியம் தொடங்கினார்கள். அது விரும்பியவர் கொடுக்கும் நன்கொடையில் தங்கியிருந்தது. அதில் சேர்ந்தது சொற்பம்.

அப்படியானால் மீலி தோற்றுப்போனாரா? நான் பல நாள் யோசித்த கேள்வி இது. அவர் எந்தக் கருவியையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் பெயரில் ஒரு விதியும் இல்லை. நேர்ப்பாதை சாத்தியம் என்பதை வரைபடமாகவும் கணக்காகவும் கோபுரமாகவும் காட்டினார்கள் அவரும் அவருடைய தலைமுறையும். பாதை இல்லை என்று சொல்லும் சாக்கு அதன்பின் எடுபடவில்லை. பாதை இருந்தும் போகவில்லை என்றால் குறை பொறியியலில் இல்லை, மனதில்தான் என்று வெளிச்சமாயிற்று. ஒரு பொறியியலாளரால் அதுவரைக்கும்தான் கொண்டுவந்து விட முடியும்.

அவருடைய சொந்த நாடே இதற்கு இன்னொரு சாட்சி. உலகத் தகவற் சமூக உச்சி மாநாடு ஒன்று வேண்டும் என்று 1998இல் ஒன்றியத்தின் மினியாபொலிஸ் மாநாட்டில் முன்மொழிந்தது தூனிசியா. அதன் இரண்டாம் கட்டம் 2005 நவம்பரில் தூனிஸ் நகரிலேயே நடந்தது. உலகமெல்லாம் அங்கே கூடித் தகவல் சுதந்திரம் பேசியது. அதே காலத்தில் பென் அலியின் அரசாங்கம் இணையத்தளங்களைத் தடை செய்துகொண்டிருந்தது. 2011 ஜனவரி 14ஆம் திகதி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். கம்பி போட்டவனும் கம்பியை அடைத்தவனும் கம்பி வழியே பேசி எழும்பியவனும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள்.

முடிவாக

அயலவரின் உரிமை பற்றி எங்கள் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த உரிமைகளில் முதலாவது, அயலவன் கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்பதும் நாங்கள் பேசினால் அவனுக்குக் கேட்பதும்தான் என்று நினைக்கிறேன். மீலி இதை மார்க்கப் பிரசங்கமாகச் சொன்னவரல்ல. இணைப்புகளின் எண்ணிக்கையாகவும் கட்டண அட்டவணையாகவும் அதற்காக வேலை செய்தார்.

எங்கட ஊருக்கும் அந்தத் தமிழ்க் கிராமத்துக்கும் நடுவிலிருந்த பாதை திறந்து பல வருடங்களாகிவிட்டன. வாய்க்காலுக்கு மேலால் கொங்கிறீட் பாலமும் போட்டாயிற்று. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு பிரச்சினை என்றால் எங்கட பொடியன்கள் முகநூலில் யாரோ எங்கிருந்தோ எழுதியதைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். அந்தப் பக்கமும் அப்படித்தான். நேரே எடுத்துக் கேட்பதற்கு எத்தனை பேரிடம் இலக்கம் இருக்கிறது?

அந்த மாணவி காலைக்கூட்டத்தில் பேச்சை நன்றாகவே பேசினாள். மீலியின் பெயரையும் ஊரையும் சொன்னாள். மாலையில் நான் பாலத்தைத் தாண்டிப் போய், முன்பு என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்து இப்போது ஓய்விலிருக்கும் தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "தொண்ணூறில நாங்களும் உங்கட ஊர்ச் செய்தியை லண்டனிலதான் கேட்டனாங்கள், தம்பி" என்றார்.